ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு முதலில் வேண்டியது என்ன?

பிறந்த குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் 'எடை குறைந்த குழந்தை' என்று கணக்கில் வைப்பார்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே என்றால் 'மிகக் குறைந்த எடை'. ஒரு கிலோவுக்கும் கீழே போனால் ஆபத்து இன்னும் பல மடங்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த மதிப்பீட்டின்படி, 2020-ல் உலகம் முழுவதும் 1 கோடியே 98 லட்சம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தார்கள். ஏழு குழந்தைகளில் ஒன்று. இதில் பாதிக்கு நெருக்கமாகத் தெற்காசியாவில் மட்டும். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், எடை தெரிந்த குழந்தைகளில் 18 சதவீதம் பேர் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே.

2022-ல் உலகத்தில் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாளுக்குள் இறந்தார்கள். 1990-ல் இந்த எண்ணிக்கை 50 லட்சம். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் இன்னும் இறந்துகொண்டிருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த எடை குறைந்த குழந்தைகளே.

"இவ்வளவு சின்னக் குழந்தை, பெரிய மெஷின் இருந்தால்தான் பிழைக்கும்" என்று பலரும் நினைக்கிறோம். சில குழந்தைகளுக்கு அது உண்மை. ஆனால் எடை குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் 700 கிராம் குழந்தைகள் இல்லை. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை இருப்பவர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது உடம்புச் சூடு, தாய்ப்பால், சுத்தம், விடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள். இந்த நான்கும் சேர்ந்து கிடைக்கிற இடம் அம்மாவின் மார்பு. அப்படியிருந்தும், குழந்தை சின்னது என்றவுடன் மருத்துவமனைகள் முதலில் செய்துவந்தது குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிப்பதுதான். அந்தப் பிரிவைக் குறைத்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்பது இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே எடை, வேறு வேறு குழந்தை

1,900 கிராம் எடையில் இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 33-வது வாரத்தில் பிறந்தது, அதாவது குறைப்பிரசவம். 37 வாரம் முடிவதற்கு முன் பிறப்பதெல்லாம் குறைப்பிரசவம்தான். இந்தக் குழந்தை அதன் வயதுக்குச் சரியான எடையில்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் வந்துவிட்டது. இன்னொன்று 39-வது வாரத்தில் பிறந்தது. மாதம் நிறைந்த குழந்தை, ஆனால் வயிற்றுக்குள் சரியாக வளரவில்லை.

தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். கவனிக்க வேண்டியது மட்டும் வேறு. முதல் குழந்தைக்கு நுரையீரல் இன்னும் பக்குவப்படவில்லை. சப்பி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை பொதுவாக 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். திடீரென்று மூச்சு நின்றுபோகலாம். குடல், மூளையின் ரத்தக்குழாய்கள், தோல் எல்லாமே மென்மை. இரண்டாவது குழந்தைக்குப் பெரும்பாலும் நுரையீரல் தயாராக இருக்கும், பால் குடிக்கவும் தெரியும். ஆனால் உடம்பில் கொழுப்பும் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு. பிறந்த சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம்.

அதனால் "எடை எவ்வளவு?" என்ற கேள்வியோடு "எத்தனை வாரம்?" என்ற கேள்வியும் சேர்ந்தே வரவேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதி சரியாகத் தெரியாமல், ஆரம்ப மாதங்களில் ஒரு ஸ்கேன்கூட இல்லாமல் பிரசவத்துக்கு வரும் பெண்கள் ஏழை நாடுகளில் இன்றும் ஏராளம். அங்கெல்லாம் இரண்டாவது கேள்விக்கு ஊகம்தான் பதில். இந்த ஒரு குறையால் ஒரு நல்ல மருந்தே தீங்காகிப்போன கதை பின்னால் வருகிறது.

காரணங்களை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றுவதற்கு அம்மாவின் போதாத சாப்பாடு, ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, மிக இளம் வயதில் கர்ப்பம், இடைவெளி இல்லாத அடுத்தடுத்த கர்ப்பங்கள், புகையிலை, ஆப்பிரிக்காவில் மலேரியா என்று பல காரணங்கள் உண்டு. குறைப்பிரசவத்துக்கு நோய்த்தொற்று, இரட்டைக் குழந்தை, ரத்தக்கொதிப்பு ஆகியவை முக்கியமானவை. பல நேரம் காரணமே பிடிபடாது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: குழந்தை சின்னதாகப் பிறந்ததற்கு அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை. அவள் சிறுவயதில் என்ன சாப்பிட்டாள், எந்த வயதில் கல்யாணம் நடந்தது, கர்ப்ப காலத்தில் எவ்வளவு சுமந்தாள் என்பதையெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள்தான் முடிவு செய்திருப்பார்கள்.

சூடு போனால் எல்லாம் போகும்

எடை குறைந்த குழந்தைக்கு வரும் ஆபத்துகளில் வெளியே தெரியாமல் நடப்பது குளிர்தல். நம் ஊர் வெயிலில் குழந்தை எப்படிக் குளிரும் என்று தோன்றும். பிறந்த குழந்தை ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. 23 டிகிரி செல்சியஸ் அறையில் துணியில்லாமல் கிடக்கும் குழந்தை இழக்கும் சூடு, பூஜ்யம் டிகிரியில் துணியில்லாமல் நிற்கும் பெரிய ஆள் இழப்பதற்குச் சமம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு இதமாக இருக்கும் ஏசி அறை, குழந்தைக்குப் பனிக்கட்டி.

சின்னக் குழந்தைக்கு இது இன்னும் மோசம். ஒரு டம்ளர் வெந்நீர் ஆறும் வேகத்தில் அண்டா வெந்நீர் ஆறாது இல்லையா, அதே கணக்கு: உடம்பு சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். தோலுக்கு அடியில் கொழுப்பும் இல்லை. பெரியவர்கள் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்குகிறோம். பச்சிளங்குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. அதற்குப் பதிலாகப் 'பழுப்புக் கொழுப்பு' என்று ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும்; அதை எரித்துத்தான் சூடு எடுக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சேரும் கொழுப்பு அது. சீக்கிரம் பிறந்த குழந்தையிடம் அதுவும் போதுமான அளவு இருக்காது.

சரி, குளிர்ந்தால் என்ன ஆகும்? சூடு உண்டாக்க உடம்பு சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் அள்ளி அள்ளிச் செலவழிக்கும். சர்க்கரை இறங்கும். மூச்சு சிரமப்படும். குழந்தை சோர்ந்துபோய்ப் பால் குடிக்காது. பால் போகாததால் இன்னும் சர்க்கரை இறங்கும், இன்னும் குளிரும். கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். கடைசியில் இறப்புக்குக் காரணம் எழுதும்போது 'கிருமித்தொற்று' என்றோ 'மூச்சுத்திணறல்' என்றோதான் எழுதுவார்கள். தொடக்கத்தில் குழந்தையைத் துவட்டாமல் வைத்திருந்தது அந்தக் காகிதத்தில் ஏறாது.

ஆகவே பிறந்த உடனே மெல்லிய துணியால் நன்றாகத் துவட்டி, அந்த ஈரத்துணியை எடுத்துவிட்டு, அம்மாவின் தோல்மேல் படுக்கவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்த்த வேண்டும். பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டவே கூடாது; எடை குறைந்த குழந்தையை இன்னும் தள்ளிப்போடுவது நல்லது. மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு போன்ற படலத்தை அழுக்கு என்று தேய்த்து எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தோலுக்குக் காப்பு. இருக்கட்டும்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வயிறும் பாதமும் இரண்டுமே கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லென்று இருந்தால் தாமதிக்க நேரமில்லை: நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

போகோட்டாவில் ஒரு நெருக்கடி

தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டா. அங்கே ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. 1970-களின் கடைசியில் அங்கே இன்குபேட்டர்கள் (குழந்தைக்குச் சூடு காக்கும் பெட்டிகள்) போதாமல், ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. ஒரு குழந்தையின் கிருமி மற்றதுக்குத் தொற்றும். வாரக்கணக்கில் குழந்தையைத் தொடக்கூட முடியாத அம்மாக்களில் சிலர் குழந்தையை விட்டுவிட்டே போய்விடுவார்கள்.

1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் ஒரு வழி சொன்னார். நிலை சற்றுத் தேறிய குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, அம்மாவின் மார்பில், தோலோடு தோல் ஒட்டும்படி நேராக நிறுத்திக் கட்டிவிடுவது, தாய்ப்பால் கொடுப்பது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்பது. அடுத்த ஆண்டே ஹெக்டர் மார்த்தினெஸ் என்ற மருத்துவரும் இதில் சேர்ந்துகொண்டார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதுபோல் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று படத்தோடு எழுதியிருப்பார்களே, அது பிறந்த இடம் இதுதான்.

செய்யும் முறை எளிது. குழந்தைக்கு ஒரு நாப்கின், குல்லா, காலுறை மட்டும். அம்மா சற்றுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். குழந்தையை இரண்டு மார்புக்கும் நடுவில் நேராக வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்கிவிடாமல் லேசாக நிமிர்த்த வேண்டும். மூச்சுப்பாதை திறந்திருக்க இது முக்கியம். கைகால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். அப்புறம் ஒரு மெல்லிய துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிடலாம். பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ போதும். ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை கூடுதலாக. அம்மா சாப்பிடவோ குளிக்கவோ போகும்போது அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டி வைத்துக்கொள்ளலாம். குழந்தை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது அதுவே திமிறி, "போதும், இறக்கிவிடு" என்று காட்டிவிடும்.

இதில் சூடு மட்டுமா கிடைக்கிறது? அம்மாவின் தோலில் இருக்கும் சாதுவான கிருமிகள் குழந்தைமேல் குடியேறி, ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. மார்பு பக்கத்திலேயே இருப்பதால் பால் நன்றாகச் சுரக்கிறது. மூச்சும் இதயத்துடிப்பும் ஒழுங்குக்கு வருகின்றன. குழந்தைக்கு மூச்சு நின்றாலோ நிறம் மாறினாலோ முதலில் கவனிக்கப்போவதும் அம்மாதான். நாற்பது குழந்தைக்கு ஒரு நர்ஸ் நிற்கும் வார்டில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

"குழந்தை தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்"

கங்காரு முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் ஒரு நிபந்தனையோடு பரவியது: குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தொடங்க வேண்டும். அதுவரை குழந்தை ஓர் அறையில், 'வார்மர்' என்ற சூடு கொடுக்கும் கருவியில், அம்மா வேறு வார்டில், சில சமயம் வேறு கட்டடத்தில். சிசேரியன் ஆன பெண் இரண்டு மூன்று நாளைக்குத் தன் குழந்தையைப் பார்க்கவே மாட்டாள். சின்னக் குழந்தைகளில் பெரும் பகுதி இறப்பது சரியாக அந்த முதல் சில நாட்களில்தான். தேறட்டும் என்று காத்திருந்த நேரத்திலேயே அவை போய்விட்டன.

அந்த நிபந்தனை தேவையா என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனே கங்காரு முறை. இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல, தேறிய பிறகு. உடனே தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். காத்திருந்த பிரிவில் 15.7 சதவீதம். நான்கில் ஒரு மரணம் குறைந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளைக் காக்கவைப்பது சரியல்ல என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-ல் வெளியானது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையும் மாற்றியது: குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்த உடனே கங்காரு முறை. தானாக மூச்சுவிட முடியாத குழந்தைகளும், ரத்த ஓட்டம் குலைந்து 'ஷாக்' எனும் அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைகளும் மட்டும் விலக்கு.

இந்த ஆய்வில் என் மனதில் நின்றது இன்னொரு விஷயம். உடனே தொடங்க வேண்டும் என்றால் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதனால் அந்த ஐந்து இடங்களிலும் பிரிவின் அமைப்பையே மாற்றினார்கள். குழந்தையின் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டில். பிரசவித்த பெண்ணுக்கு வேண்டிய சிகிச்சையும் அங்கேயே. அந்தக் குழந்தைகள் ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம் தோலோடு தோல் ஒட்டியிருந்தன. மற்றப் பிரிவில் தீவிர சிகிச்சையில் இருந்த நாட்களில் அது ஒன்றரை மணி நேரம்தான்.

17 மணி நேரம் ஒரு பெண் குழந்தையைச் சுமந்துகொண்டு சாய்ந்திருக்க வேண்டும் என்றால், அவளுக்கு நல்ல கட்டில் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும், கழிவறை பக்கத்தில் வேண்டும், வலிக்கு மருந்து வேண்டும். வீட்டில் மூத்த குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் கூலிக்குப் போகிறவள் என்றால் அந்த நாட்களின் கூலிக்கு வழி வேண்டும். 'செலவில்லாத சிகிச்சை' என்று கங்காரு முறையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. செலவு இருக்கிறது, அதை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டால் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு வார்மர் வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் அதே மனதோடு பத்துக் கட்டில்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

பால்: மார்பிலிருந்து, இல்லாவிட்டால் பாலாடையிலிருந்து

சின்னக் குழந்தைக்குத் தாய்ப்பால் மருந்து மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. குறைமாதக் குழந்தையின் குடலில் ஒரு பகுதி அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. மாட்டுப்பாலிலிருந்து செய்த பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது அதிகம் வருகிறது. தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவு. முதல் இரண்டு மூன்று நாளின் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். ஒன்றரைக் கிலோ குழந்தையின் வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே பெரிது. ஒரு சொட்டுகூட வீணாக்கக் கூடாது.

சப்பத் தெரியாத குழந்தைக்கு அம்மா கையால் பாலைப் பீய்ச்சி எடுத்து, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போகும் மெல்லிய குழாயில் கொடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் தேறினால் பாலாடை. நம் பாட்டிகள் வைத்திருந்த அதே மூக்கு நீண்ட சிறு கிண்ணம்தான். சில வீடுகளில் சங்கு. இன்று இந்தியா முழுவதும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைப் 'பாலாடை' என்றே அழைக்கிறார்கள். புட்டிப்பாலைவிட இது மேல், ஏனென்றால் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது எளிது, குழந்தை தன் வேகத்தில் விழுங்கும், பின்னால் மார்பில் குடிக்கப் பழகுவதற்கும் இடைஞ்சல் இல்லை. நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். படுக்கவைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அம்மாவுக்கு இன்னும் பால் வரவில்லை, அல்லது அவள் உடல்நிலை மோசம் என்றால் தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மீடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. பால் மிகுதியாகச் சுரக்கும் பெண்கள் கொடுப்பதைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, குளிரில் வைத்து, முதலில் மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

கொடுக்கக் கூடாததையும் சொல்லியாக வேண்டும். சேனை வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைப்பது, "தொண்டை திறக்கும், நோய் வராது" என்று கழுதைப்பால் வாங்கி ஊற்றுவது, வயிற்றுக்கு நல்லது என்று உரை மருந்து கொடுப்பது, இதெல்லாம் பாசத்தில் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் 1,600 கிராம் குழந்தையின் குடலுக்குள் அவற்றோடு போகும் கிருமியைத் தாங்கும் தெம்பு இல்லை. தொப்புளில் எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்தபடி விட்டால் போதும்.

ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால்?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம், காடும் பழங்குடி மக்களும் நிறைந்த பகுதி. அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990-களில் செய்த வேலை இந்தத் துறையில் ஒரு திருப்பம். அப்போது அந்தக் கிராமங்களில் பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான். பிறந்த குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 42 எடை குறைந்தவை. ஆயிரம் குழந்தைக்கு 62 பேர் முதல் மாதத்திலேயே இறந்துகொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று சொல்லிக் காத்திருக்காமல், 39 கிராமங்களில் ஊருக்கொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதிகப் படிப்பில்லாத கிராமத்துப் பெண்கள்தான். பிரசவத்தின்போது கூட இருப்பது, மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று கொடுப்பது, எடை பார்ப்பது, சூடு காக்கத் துணிப்பையில் வைப்பது, தாய்ப்பாலுக்கு உதவுவது, கிருமித்தொற்றின் அறிகுறி தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவது எல்லாம் அவர்கள் கையில். மூன்றாம் ஆண்டில் ஆயிரத்துக்கு 62 என்று இருந்த மரணம் ஏறக்குறைய 25-ஆக இறங்கியது. எடை குறைந்த குழந்தைகளில் முன்பு 100-க்கு 11 பேர் இறந்த இடத்தில் 5-க்கும் குறைவாக ஆனது. எடை குறைவாகப் பிறப்பது அங்கே நின்றுவிடவில்லை. அதே சின்னக் குழந்தைகள்தான்; ஆனால் பிழைத்தார்கள்.

1999-ல் இந்த முடிவு வெளியானது. 2011-ல் இந்திய அரசு, 'ஆஷா' எனும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியதற்குக் கட்சிரோலிதான் அடித்தளம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும்.

கங்காரு முறையையும் வீட்டிலேயே தொடங்கலாம் என்று பின்னால் ஹரியாணாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோ வரை இருந்த 8,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். களப்பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் மாத மரணம் 30 சதவீதம் குறைந்தது. 2019-ல் வந்த முடிவு இது.

மருந்தும் மெஷினும் எங்கே வேண்டும்?

அம்மாவின் மார்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 30 வாரக் குழந்தையின் நுரையீரலில் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான திரவம் போதுமான அளவு இருக்காது. அதற்கு மூக்கு வழியே இடைவிடாத அழுத்தத்தில் காற்று செலுத்தும் கருவி வேண்டும். 'சிபேப்' என்பார்கள். தண்ணீர் நிரம்பிய புட்டிக்குள் குழாய் முனையை ஆழ்த்தி அழுத்தம் உண்டாக்கும் எளிய வகையும் உண்டு. மலாவி போன்ற நாடுகளில் அந்த மலிவான வகைதான் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அதைவிட முன்னதாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குறைப்பிரசவம் நெருங்கும்போது அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். விலையும் மலிவு. அப்படியானால் எல்லாக் கிராமத்திலும் போட்டுவிடலாமே என்று ஆறு நாடுகளில் முயன்று பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவு அதிர்ச்சி: சின்னக் குழந்தைகளின் மரணம் குறையவில்லை, மொத்தக் குழந்தைகளை எடுத்துக்கொண்டால் மரணம் கூடியிருந்தது. வாரக் கணக்கு சரியாகத் தெரியாததால், ஊசி போட்டவர்களில் பலர் மாதம் நிறைந்தே பிரசவித்தவர்கள். தேவையில்லாதவர்களுக்கு மருந்து போயிருந்தது.

பிறகு 2020-ல், இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து, பிறந்த குழந்தையைக் கவனிக்கும் வசதியும் உள்ள இடங்களில் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. மருந்து அதேதான். சுற்றியிருந்த ஏற்பாடு வேறு. அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவுசெய்து தேதியை உறுதிப்படுத்துவது, ஏதோ அட்டையை நிரப்பும் சடங்கு இல்லை என்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொட்டுவிட வேண்டும். அதன்பிறகு நாளுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் ஏறினால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குச் சேரும். சின்னக் குழந்தை அதைத் தவறவிட்டிருக்கும். தொட வருபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகட்டும், யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பால் குடிப்பதை நிறுத்துதல், தூண்டினால் மட்டும் அசைதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, உடம்பு கொதித்தல் அல்லது சில்லிடுதல், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். போகும் வழியெல்லாம் குழந்தை கங்காரு நிலையிலேயே இருக்கட்டும்; ஆம்புலன்ஸிலும் அதைவிட நல்ல வார்மர் இருக்கப்போவதில்லை.

கடைசியாகக் கண். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும். அளவு பார்க்காமல் ஆக்ஸிஜன் கொடுத்த குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிரித்துப் பார்வையைப் பறித்துவிடலாம். நம்மைப் போன்ற நாடுகளில் சின்னக் குழந்தைகள் பிழைப்பது கூடக்கூட இந்த நோயும் கூடுகிறது, ஏனென்றால் ஆக்ஸிஜன் வந்து சேர்ந்த எல்லா இடத்துக்கும் அதை அளக்கும் கருவியும் கண் மருத்துவரும் வந்து சேரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்து 30 நாள் முடிவதற்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. பல குழந்தைகள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே டிஸ்சார்ஜ் அட்டை கைக்கு வரும்போது கண் பரிசோதனை எந்தத் தேதி, எந்த மருத்துவமனை என்று கேட்டு, அந்த அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.